பவுனு ஃபோனில் யார் கணக்கு

ஒருவர் கையில் இருக்கும் ஃபோனிலிருந்து அவருடைய மெயில் முகவரியை எடுத்துத் தருகிற வேலையைத் தமிழ்செல்வி பலமுறை திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாள். பார்க்கப்போனால் அது சின்ன வேலை. ஆரம்பத்தில் யாரையும் கேட்காமலே எடுத்துவிடலாம். ஆப்பைத் திறந்ததும் முகவரி வந்து உட்கார்ந்திருக்கும். பிறகு அனுமதி கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். அதன்பின் அனுமதி கிடைத்தாலும் வெறும் பட்டியலே வந்தது. இப்போதெல்லாம் ஃபோனே ஒரு பெட்டியைத் திரையில் காட்டும். அதிலுள்ள முகவரிகளில் ஒன்றை ஃபோன்காரர் தன் விரலால் தொட்டால்தான் ஆப்புக்குக் கிடைக்கும். விதி மாறும்போதெல்லாம் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவாள். எழுதி முடித்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நிமிர்வதற்குள் அடுத்த விதி வந்திருக்கும்.

கல்லூரியில் அவள் கம்ப்யூட்டர் படித்ததில்லை. அப்பா தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்த அரசாங்கக் குமாஸ்தா. தபால் வழியில் பி.காம். முடித்து, ஒரு கூரியர் ஆபீசில் விலாசம் தட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வேலையை விட்டுப்போன ஒருவன் எழுதி வைத்திருந்த புரோகிராமைப் பழுதுபார்க்க ஆளில்லை. அதில் ஒரு வரியை எடுத்துவிட்டு எது உடைகிறது என்று பார்ப்பாள், திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். அப்படித்தான் கற்றுக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. எதையும் உடைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். இப்போது எழுதிய ஆப்பில் மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. அசதி.

இப்போது வேலை ஜனக்புரியில், சலவைக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். வீட்டுவேலை செய்கிறவர்களையும் ஆள் தேடும் வீடுகளையும் சேர்த்துவைக்கும் ஆப். முதலாளி சிவகுமார் தில்லியிலேயே பிறந்த பையன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.

"செல்விஜி, அவங்க டைப்பெல்லாம் பண்ண மாட்டாங்க. எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் காசு ஆகும், மெயில் ஃப்ரீ. ஃபோன்லேந்தே எடுத்துருங்க. ஒரே டச், கதம்."

"அந்த மெயிலை அவங்க படிப்பாங்களா?"

"யாராவது படிச்சுச் சொல்லுவாங்க. அத அப்புறம் பாக்கலாம். ஜல்தி முடிங்க."

கிருத்திகையன்று மலை மந்திர் முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு அவளை உட்காரவைத்தான். சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும் தமிழ்ப் பெண்களைப் பதிவு செய்யவேண்டும். அப்படி வந்தவள்தான் பவுனு. ஐம்பதை ஒட்டிய வயது, கள்ளக்குறிச்சிப் பக்கம். பக்கத்திலேயே வசந்த் விஹாரில் ஒரு வக்கீலம்மா வீட்டில் வேலை. ஊருக்குள் இருந்த குடிசையை அரசாங்கம் இடித்தபிறகு, தில்லியின் வடகோடியில் நரேலாவில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. அங்கிருந்து இங்கே வர விடிவதற்கு முன்னால் கிளம்பி மூன்று பஸ் மாறுகிறாள்.

"ரோகிணி, நரேலாப் பக்கம் ஏதாச்சும் ஒரு வூடு கெடைச்சாப் போதும்மா. ஆனா ஒண்ணு, மேம்சாபுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே வேற ஆள வெச்சிக்குவாங்க. கைல ஒண்ணு கெடைக்காம இத வுட முடியாது."

"யாருக்கும் தெரியாதுக்கா," என்றாள் தமிழ்செல்வி. பவுனுவின் ஃபோன் நம்பரைத் தாளில் குறித்துக்கொண்டாள். ஆப்பை ஏற்றியதும் பெட்டி வந்தது. அதில் ஒரே ஒரு வரி, இங்கிலீஷ் எழுத்தில். பின்னால் வரிசை நின்றது. வெயில் ஃபோன் திரையில் அடித்தது. "இத ஒரு தடவ தொடுங்க, அவ்வளவுதான்."

பவுனு குங்குமம் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டாள்.

வாரம் பிறந்தபின் பதிவுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் தமிழ்செல்விக்கு உறைத்தது. பாதிப் பெண்களுக்கு ஒரே முகவரி. அதில் ஒரு மொபைல் கடையின் பெயர் இருந்தது; அவர்கள் ஃபோன் வாங்கிய கடைக்காரனுடையது. மெயில் இல்லாமல் ஃபோன் கிளம்பாது என்பதால் எல்லோருடையதிலும் தன்னுடையதையே போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆப்பைப் பொறுத்தவரை அவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள். இன்னும் சிலருக்கு மகனுடையது. பவுனு என்ற பெயருக்கு நேரே இருந்த முகவரியில் நந்திதா என்ற பெயரும், அதை ஒட்டி வக்கீல் என்பதற்கான இங்கிலீஷ் சொல்லும் இருந்தன.

பதிவானதும் தானாகவே ஒரு மெயில் போகும்படி அவள்தான் எழுதியிருந்தாள். 'நமஸ்தே பவுனு, ரோகிணி, நரேலா பகுதிகளில் புதிய வேலை கேட்டு நீங்கள் செய்த பதிவு கிடைத்தது' என்று நல்ல இந்தியில். அது போய் நான்கு நாளாகிவிட்டது.

சிவகுமாரிடம் சொன்னாள்.

"ப்ரமோஷன்ல, விளம்பர மெயிலோட போய் விழுந்திருக்கும், செல்விஜி. அதையெல்லாம் யார் பாக்கறாங்க? சனிக்கிழமை பணம் போடற பார்ட்டிக்குக் காட்டணும். அந்தப் பெட்டில கைவைக்காதீங்க, ப்ளீஸ்."

அவள் வெளியே வந்து மாடிப்படியில் நின்று பவுனுவைக் கூப்பிட்டாள். ஃபோன் யார் வாங்கித் தந்தது என்று கேட்டாள். "மேம்சாப்தான். அவங்க பையன் எல்லாத்தையும் போட்டுக் குடுத்தாரு. ஏம்மா?" என்றாள் பவுனு. நேரில் சொல்கிறேன் என்று சொல்லி, அரை நாள் லீவு எழுதிவைத்துவிட்டுத் தமிழ்செல்வி மெட்ரோ ஏறினாள். உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

மலை மந்திருக்குக் கீழே பஸ் ஸ்டாப்பில் பவுனு காத்திருந்தாள். மத்தியான வேலை முடிந்து வந்தவள், கையில் பூண்டு வாடை. தமிழ்செல்வி விஷயத்தைச் சொன்னாள். ஃபோனில் இருந்த மெயில் மேம்சாபுடையது, வேலை தேடும் செய்தி அவர்களுக்குப் போயிருக்கிறது, ஆனால் அதே மெயில் இந்த ஃபோனிலும் திறக்கும்.

பவுனு ஃபோனை மடியில் வைத்துப் பார்த்தாள். "அவங்க கடுதாசியெல்லாம் இதுக்குள்ளாறயா இருக்குது? இத்தினி நாளா நானா தூக்கிக்கினு சுத்துறன்?"

"ஆமாக்கா. மெயில் வந்தா சத்தம் வராம பண்ணி உள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க."

"அப்ப அந்த ஒண்ண அழிச்சிடு. அவங்க பாக்கறதுக்குள்ளாற அழிச்சிடு."

பிறர் மெயிலைத் திறக்கக்கூடாது என்று தமிழ்செல்விக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைக்குட்டையால் மற்ற மெயில்கள் தெரியும் இடத்தை மறைத்துக்கொண்டு தன் ஆப்பின் பெயரை மட்டும் தட்டித் தேடினாள். கிடைத்தது. படிக்காத மெயில்கள் தடித்த எழுத்தில் நிற்கும். இது மெலிந்த எழுத்தில் இருந்தது.

"என்னம்மா, கெடைச்சுதா?"

"கிடைச்சுது. அவங்க படிச்சுட்டாங்கக்கா."

ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. பவுனு ஏறவேண்டிய பஸ்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"அதான் அந்தப் பொண்ணு," என்றாள். "முந்தாநேத்து ஒரு பொண்ணு வந்திச்சு, ஜார்கண்டு. நீ லீவு போட்டா இவ பாத்துக்குவா, எல்லாத்தையும் காட்டிக் குடுன்னாங்க. அரிசி எங்க, மசாலா எங்க, மிசினு எப்படி ஓட்டுறது, அய்யாவுக்கு டீ எம்மாம் லைட்டா வேணும்... அல்லாத்தையும் கையப் புடிச்சிக் காட்டிக் குடுத்தேன். தெரியலன்னு முழிச்சுது, பாவம், ரெண்டு வாட்டி சொல்லிக் குடுத்தேன்."

"நான்தான் தொடச் சொன்னேன்."

"நீதான் சொன்ன. யாருக்கும் தெரியாதுன்னும் நீதான் சொன்ன." குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "சரி, வுடு. ஒங்க ஆப்புல ரோகிணிப் பக்கம் எதுனா வூடு வந்துகுதா?"

தமிழ்செல்வி கைக்குட்டையை மடித்தாள். "இன்னும் ஒரு வீடும் சேரலக்கா. வேலை கேக்கிறவங்கதான் இருக்காங்க."

"அது எங்க தெருவுலயே இருக்குதே. அதுக்கு எதுக்கு ஆப்பு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. அழிக்கட்டுமா என்று தமிழ்செல்வி கேட்டாள். பவுனு வேண்டாம் என்று ஃபோனை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "படிச்சதுக்கப்புறம் அழிச்சா திருட்டுத்தனம்."

மறுநாள் மத்தியானம் தமிழ்செல்வி ஆப்பில் முகவரிப் பெட்டி வரும் இடத்தைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தாள். முகவரியைத் தொட்டதும் 'இந்த மெயில் உங்களுடையதா, நீங்கள் மட்டும் பார்ப்பதா' என்று தமிழிலும் இந்தியிலும் சத்தமாக வாசித்துக் கேட்கும்படி ஒரு பக்கம் சேர்த்தாள். சிவகுமார் வந்து எட்டிப் பார்த்தான். "ஒரு டச் மூணு டச் ஆயிடுச்சே, செல்விஜி," என்றான். அவள் திரும்பாமலே, "ஆயிடுச்சு," என்றாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தன் மேசைக்குப் போனான்.

அப்போதுதான் பவுனு கூப்பிட்டாள்.

"நானே கேட்டுட்டம்மா. லெட்டரு பாத்தீங்களான்னேன். பாத்தேன், நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன்னாங்க. மாசக் கடைசி வரைக்கும் இருக்கச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுதான்."

"ஃபோன்?"

"ஃபோன நீயே வெச்சிக்கோ, என் மெயில மட்டும் எடுத்துருன்னாங்க. பையனு ஊருல இல்ல. அத எப்படி எடுக்கறது?"

தமிழ்செல்வி ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும், அதைத் தொடுங்கள், சாவிப் படம் வரும்வரை கீழே தள்ளுங்கள். பவுனு ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். எங்கேயோ குக்கர் சத்தம் கேட்டது. நடுவில் இரண்டு தடவை வேறெங்கோ போய் மீண்டும் முதலிலிருந்து வந்தார்கள். கடைசியில் சிவப்பு எழுத்தைத் தொட்டாள்.

"போயிடுச்சி. இப்ப யாரு மெயிலும் இல்ல."

"இப்ப நம்ம ஆப்பைத் திறங்க."

"தெறந்தேன். வெள்ளையா நிக்குது."

"கொஞ்சம் பாருங்க, ஏதாவது வரும்."

"வர்லம்மா. வெள்ளையாவேதான் நிக்குது."

மெயில் கணக்கே இல்லாத ஃபோன் ஒன்று இருக்கக்கூடும் என்று தமிழ்செல்வி எழுதவேயில்லை. பெட்டி வரும், ஒருவர் தொடுவார் என்றுதான் எழுதியிருந்தாள். பெட்டியில் காட்ட ஒன்றுமில்லாவிட்டால் என்ன செய்வது என்ற வரி எங்கேயும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"வெச்சிடட்டா?" என்றாள் பவுனு.

"இருங்கக்கா." தாளில் குறித்த நம்பரைத் தேடியெடுத்தாள். பவுனுவின் பெயருக்கு நேரே இருந்த வக்கீலம்மாவின் முகவரியை அழித்துவிட்டு, அந்த நம்பரைத் தன் கையாலேயே தட்டிச் சேர்த்தாள். "இனிமே செய்தி இந்த நம்பருக்குத்தான் வரும்."

"வூடு எதுனா வந்தா நீ கூப்புடுவியா, அந்த ஆப்பு கூப்புடுமா?"

"நானே கூப்பிடறேன்."

"மாசக் கடைசிக்குள்ளாற பாரும்மா," என்று வைத்தாள் பவுனு.

தமிழ்செல்வி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, கணக்கு இல்லாத ஃபோனுக்கான முதல் வரியை எழுத ஆரம்பித்தாள்.