குப்பையா வந்த முன்னூறு பக்கம்

சொந்தக்காரங்க கம்ப்யூட்டரைத் தொடவே கூடாதுன்னு, பெரம்பலூர்ல கடை போட்ட மொத வருஷமே முடிவு பண்ணவன் நான். வெளியாளோடது போச்சுன்னா மன்னிப்புக் கேட்டு அனுப்பிடலாம். சொந்தக்காரங்களோடது போச்சுன்னா ஒவ்வொரு கல்யாணத்துலயும் பந்தியில உக்கார வச்சுக் கேப்பாங்க. ஆனா அண்ணி கொண்டாந்து குடுத்தா என்ன பண்றது? பிளஸ் டூவுல நான் கோட்டை விட்டப்ப, லாரிக்குக் கிளீனரா வரட்டும்னு அண்ணன் சொன்னாரு. ஹார்டுவேர் படிக்கட்டும்னு ஒத்தக்கால்ல நின்னது அண்ணிதான். கல்யாணமாகி மூணு மாசம்கூட ஆகல அப்ப. புதுப்பொண்ணு மாமனார் முன்னால அப்படிப் பேசி எங்க வூட்டுல யாரும் பாத்ததில்ல.

அண்ணி பெரம்பலூர்ல ஒரு காலேஜ்ல தமிழ் சொல்லிக்குடுக்குறாங்க. நிரந்தர வேலை கெடையாது, கௌரவ விரிவுரையாளர். தினமும் கீழப்பழுவூர்லேர்ந்து அரியலூருக்கு ஒரு பஸ், அங்க எறங்கி பெரம்பலூருக்கு இன்னொரு பஸ். சாயங்காலம் அதே மாதிரி திரும்பணும். இதுக்கு நடுவுல எட்டு வருஷமா பிஎச்.டி. உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பொம்பளைங்க வேலை செய்யும்போது என்ன பேசுறாங்க, என்ன பாடுறாங்கன்னு எழுதுறாங்க. முன்னூறு பக்கம் ஆயிடுச்சு. இன்னும் அஞ்சு வாரத்துல குடுக்கணும், இதுக்கு மேல தவணை கெடையாதுன்னு யுனிவர்சிட்டியில சொல்லிட்டாங்க. அந்த நேரம் பாத்து லேப்டாப் படுத்துக்கிச்சு.

"தம்பி, ஆன் பண்ணா பத்து நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கு. பாத்துக் குடுங்க"ன்னு மேசை மேல வச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க.

நான் முறையாத்தான் ஆரம்பிச்சேன். ஹார்ட் டிஸ்க் எப்படி இருக்குன்னு சொல்ற சாஃப்ட்வேரை ஓட்டுனேன், மஞ்சள் காட்டுச்சு. சிவப்பு வந்தா டிஸ்க் செத்துச்சுன்னு அர்த்தம், மஞ்சள்னா இழுத்துப் புடிச்சு ஓட்டலாம். மெமரி டெஸ்ட் போட்டேன், பழுதில்ல. ஓ.எஸ்., அதாவது விண்டோஸ்தான் நாறிக் கெடந்துச்சு. எங்க கடைத்தெருவுல இதுக்கு ஒரே வைத்தியம். டெஸ்க்டாப்ல, டாகுமெண்ட்ஸ்ல இருக்கறதை டி டிரைவுக்குத் தூக்கு, சி டிரைவை அழி, புதுசா ஓ.எஸ். போடு. கண்ணைக் கட்டி விட்டாலும் செய்வேன். செஞ்சேன். லேப்டாப்பு குதிரை மாதிரி ஓடுச்சு.

சரி, ஃபைலு நல்லா இருக்கான்னு பாத்துடுவோம்னு ஆராய்ச்சி ஃபைலைத் திறந்தேன். ஐயோன்னு ஆயிடுச்சு. தமிழ் எழுத்து ஒண்ணுகூட இல்ல. இங்கிலீஷ் எழுத்து, நடுவுல கமா, அரைப்புள்ளி, திரும்ப இங்கிலீஷ் எழுத்து. எலி மேஞ்ச மாதிரி முன்னூறு பக்கமும் அதேதான். அடுத்த ஃபைலு, அதுவும் குப்பை.

எனக்கு வைரஸ் ஞாபகம்தான் மொதல்ல வந்துச்சு. காரணம் இருக்கு. போன மாசம்தான் அரியலூர்ல ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸ்ல, ஃபைலையெல்லாம் பூட்டிப் போட்டுட்டுப் பணம் கேக்குற வைரஸ் வந்து, என்னைக் கூப்புட்டாங்க. அதுல ஒரு ஃபைலைக்கூட என்னால மீட்க முடியல. அந்தச் சனியன்தான் இதுலயும் பூந்துருச்சுன்னு நெனைச்சேன். நெனைச்சதுல தப்பில்ல. நெனைச்சதோட நின்னதுதான் தப்பு. பூட்டுன ஃபைலு திறக்கவே திறக்காது, இது திறந்துச்சு. பக்க எண் வரிசையா இருந்துச்சு, படமெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு, அட்டவணைக் கோடு ஒண்ணுகூடக் கலையல. இதெல்லாம் என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. பயந்தவன் கண்ணுக்கு எதுவும் தெரியாதுங்க.

அன்னிக்கிலேர்ந்து மூணு நாளு ஸ்கேன். ஒரு ஆன்ட்டிவைரஸ், அது ஒண்ணுமில்லன்னு சொன்னா இன்னொண்ணு. பூட்டைத் திறக்குற சாஃப்ட்வேர்னு நெட்டுல கெடைச்சதையெல்லாம் எறக்கி ஓட்டுனேன். அழிஞ்சதைத் தோண்டி எடுக்குற சாஃப்ட்வேரைப் போட்டேன், பதினேழு சதவீதத்துலயே நின்னுக்கிட்டு முறைச்சுச்சு. நிறுத்தவும் பயம், விடவும் பயம். ஒரு ஷட்டர் கடை, தகரக் கூரை, மேல ஃபேனு அனலை வாரி எறைக்குது. வர்ற வேலையையெல்லாம் நாளைக்கு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டு, எவ்வளவு முடிஞ்சுதுன்னு காட்டுற அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சு டீக்குப் போனாக்கூட, நான் இல்லாத நேரத்துல ஏதாச்சும் ஆயிடுமோன்னு பாதி கிளாஸ்ல திரும்பி ஓடியாந்தேன். கூண்டுல அடைச்ச மாதிரி இருந்துச்சு. கூண்டை நானேதான் பூட்டிக்கிட்டேன்.

ரெண்டாம் நாளு சாயங்காலம் அண்ணி வந்தாங்க. படியேறுற சத்தம் கேட்டதுமே ஸ்கிரீனைச் சொவரு பக்கம் திருப்பிட்டேன்.

"முடிஞ்சுதா தம்பி?"

"ஸ்கேன் ஓடுது அண்ணி. கொஞ்சம் டைம் எடுக்கும்."

"எதுக்கும் இருக்கட்டும்னு பென் டிரைவுலயும் ஒரு காப்பி வச்சிருக்கேன். வேணுமா?"

கைப்பையிலேர்ந்து எடுத்துக் குடுத்துட்டுப் போனாங்க. எனக்கு உசுரு வந்துச்சு. சொருகித் திறந்தேன். அதுலயும் அதே குப்பை. அப்ப வைரஸ் பென் டிரைவுக்கும் தாவிடுச்சுன்னு முடிவு பண்ணி, மத்த மெஷினுக்குப் பரவக்கூடாதுன்னு அந்தப் பென் டிரைவை அங்கயே ஃபார்மட் பண்ணேன். என்ன ஒரு புத்திசாலித்தனம் பாருங்க! அன்னிக்கு அண்ணி நின்ன எடத்துலேர்ந்து ரெண்டு எட்டு வச்சு ஸ்கிரீனைப் பாத்திருந்தா, விஷயம் அப்பவே முடிஞ்சிருக்கும். நான்தான் காட்டல. ரிப்பேர்காரன் முழிக்கிறதை யாரும் பாக்கக்கூடாதுன்னு ஒரு வீராப்பு.

மூணாம் நாளு சொல்லிட்டேன். வைரஸ் தின்னுடுச்சு அண்ணி, ஒண்ணும் மிஞ்சலன்னு. அவங்க அழல, கத்தல. கஸ்டமர் உக்கார்ற பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, முந்தானையால மூஞ்சியைத் துடைச்சாங்க. தொடைச்ச எடத்தையே திரும்பத் திரும்பத் துடைச்சாங்க.

"எல்லாத்தையும் மொத்தமா அழிச்சுட்டு சுத்தமாக் குடுத்துடவா அண்ணி?"

"வேணாம். குப்பையாவே இருக்கட்டும். அழிக்காதீங்க."

அந்த ஞாயித்துக்கிழமை வூட்டுக்குப் போனேன். அண்ணன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவரு. கெட்டவரு இல்ல, எனக்கு மொத மொத ஸ்க்ரூடிரைவர் செட்டு வாங்கிக் குடுத்ததே அவருதான். சோத்துல கையை வச்சுக்கிட்டே சொன்னாரு, "விடு, நல்லதாப் போச்சு. எட்டு வருஷம் பஸ்ஸுல இடிபட்டது போதும். இந்த வருஷத்தோட காலேஜையும் விட்டுட்டு வூட்டைப் பாக்கட்டும்." கோவமாச் சொல்லல. நிம்மதியாச் சொன்னாரு. பாரம் எறக்குன லாரி மாதிரி இருந்துச்சு அவரு மூஞ்சி. அண்ணி ரசக் கிண்ணத்தோட பக்கத்துலதான் நின்னாங்க. அண்ணனையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் எனக்கு ரசம் ஊத்துனாங்க.

அடுத்த நாளு கடையில, மனசு கேக்காம அந்தக் குப்பையைத் திரும்பத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துக் கடை அக்கா வந்தாங்க. கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் டைப் அடிக்கிறவங்க. மவுஸ் போச்சுன்னு எடுத்துட்டு வந்தாங்க. ஒரு கையில மவுஸ், ஒரு கையில பாதி கடிச்ச மெதுவடை. என் தோளுக்குப் பின்னால நின்னு ஸ்கிரீனை எட்டிப் பாத்தவங்க, வடையை மென்னுக்கிட்டே படிக்க ஆரம்பிச்சாங்க.

"'கொட்டை எண்ணெய் பட்டு வெந்த விரல்களோடு அவர்கள் சோறு பிசைவதில்லை, கரண்டியால்...' யாருப்பா எழுதுனது? நல்லாருக்கே!"

நான் திரும்பிப் பாத்தேன். நெசமாச் சொல்றேன், அந்த அக்காவுக்கு ஏதோ புடிச்சிருச்சுன்னுதான் நெனைச்சேன்.

"அக்கா, எதைப் படிக்கிறீங்க?"

"இதைத்தான். பழைய தமிழ் ஃபான்ட்டுல அடிச்சது. உன் மெஷின்ல ஃபான்ட்டு இல்ல, அதான் இங்கிலீஷா காட்டுது. வருஷக்கணக்கா இந்தக் கீயிலயே தட்டுறேன், எனக்கு இது தமிழாத்தான் தெரியுது. ஏன், நீ கம்ப்யூட்டர்காரன்தானே?"

ஓ.எஸ். போடும்போது எல்லாத்தையும் டி டிரைவுக்குத் தூக்குனவன், ஃபான்ட்டை மட்டும் சி டிரைவோட சேத்து அழிச்சுட்டேன். நான் தமிழ் அடிக்கிறது போன்லதான். அதுல எந்தப் போனுக்கு அனுப்புனாலும் தமிழ் தமிழாவே வரும். ஃபான்ட்டு இல்லேன்னா தமிழே தெரியாத ஒரு காலம் இருந்துச்சுன்னு எங்களுக்கு யாரு பாடம் எடுத்தாங்க? அக்கா அவங்க கடையிலேர்ந்து அந்த ஃபான்ட்டைக் கொண்டாந்து போட்டாங்க. ஒரு நிமிஷ வேலை. முன்னூறு பக்கமும் கண்ணு முன்னாடி தமிழா மாறி நின்னுச்சு. சந்தோஷம் வரலைங்க. அவமானம்தான் வந்துச்சு. நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அண்ணிக்குப் போன் பண்ணி கடைக்கு வரச் சொன்னேன். வந்தாங்க. ஸ்கிரீனை இந்தத் தடவ அவங்க பக்கமே திருப்பி வச்சேன். நடந்ததை மறைக்காம சொன்னேன், பென் டிரைவை அழிச்சது உள்பட. அவங்க பக்கம் பக்கமாத் தள்ளிப் பாத்தாங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்தாங்க. "மன்னிச்சுடுங்க அண்ணி, இப்பவே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிடுறேன்"ன்னு போனை எடுத்தேன். கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"சொல்லாதீங்க."

"ஏன் அண்ணி?"

"போயிடுச்சுன்னு சொன்னதுலேர்ந்து வூட்டுல யாரும் என்னை எதுவும் கேக்கல. எப்ப முடியும், எதுக்கு இதுன்னு ஒரு பேச்சு இல்ல. இந்த வருஷம் முடியுற வரைக்கும் காலேஜுக்கு வரப்போறேன். தினமும் நாலு மணிக்கு இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்து முடிச்சுடுறேன். பஸ்ஸு லேட்டுன்னு சொல்லிக்கிறேன்."

"அப்ப நான்? ஊரெல்லாம் என்னை முட்டாள்னு சொல்லுமே!"

"சொல்லட்டும் தம்பி. எனக்காக."

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இந்தத் தொழில்ல எனக்கு இருக்கறது பேரு மட்டும்தான். ஆனா ஒத்தக்கால்ல நின்னவங்ககிட்ட என்னத்தைப் பேசுறது? சரின்னுட்டேன்.

அப்புறம் நாலு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணன் அரியலூர்ல ஒரு சொந்தக்காரர் வூட்டு விசேஷத்துல, "இவன்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க, எட்டு வருஷத்தை மூணு நாள்ல முடிச்சவன்"னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சாரு. எங்க மாமா ஒருத்தர், ரிப்பேருக்குக் குடுக்கறதா இருந்த லேப்டாப்பை காருக்குள்ளயே திரும்ப வச்சுட்டாரு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. மென்னு முழுங்கினேன். எதுத்தாப்புல அண்ணி, "தப்பிச்சீங்க மாமா"ன்னு எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன், இருந்தாலும் சுருக்குன்னு குத்துச்சு. நாலு மணியானா அதே அண்ணி என் கடை மூலையில உக்காந்து, டைப் அடிச்சுக்கிட்டிருப்பாங்க. அஞ்சு மணிக்கு அண்ணன்கிட்டேர்ந்து அவங்களுக்குப் போன் வரும். "இன்னும் பஸ்ஸு வரல"ன்னு, பக்கத்து பஸ் ஸ்டாண்டு சத்தம் கேக்கணும்னு ஷட்டருக்கு வெளிய போயி நின்னு சொல்லுவாங்க. அவங்க கூண்டு என்னோடதை விடச் சின்னதுன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

குடுக்க வேண்டிய தேதிக்கு ரெண்டு நாளு முன்னாடி, எல்லாம் முடிச்சுட்டு, பிரிண்ட் எடுக்கலாம்னு சொன்னாங்க. பேப்பரை அடுக்கிட்டு நான் பக்கத்துல நின்னேன். கடைசியா ஒரு தடவ பாத்துடுறேன்னு மொதல்லேர்ந்து தள்ளிக்கிட்டு வந்தவங்க, நன்றியுரைப் பக்கத்துல நின்னாங்க. மொத வரி அண்ணனுக்கு. 'என் படிப்புக்குத் துணையாக நின்ற என் கணவருக்கு'ன்னு எழுதியிருந்துச்சு. எப்பவோ எழுதுனது, பக்கம் பழசு.

கர்சரை அந்த வரி கடைசியில வச்சாங்க. வெளிய பஸ்ஸு ஹாரன் அடிச்சுச்சு, அவங்க திரும்பல. ஒவ்வொரு எழுத்தா அழிச்சாங்க. மொத்தமாப் புடிச்சு ஒரே தட்டுல அழிச்சிருக்கலாம், அப்படிச் செய்யல. அண்ணன் வரி போயி, அதுக்குக் கீழ இருந்த என் பேரு மேல வந்து நின்னுச்சு. சேவ் பண்ணாங்க.

எனக்கு அழுகை வந்துடுச்சு. ஒரு வரிதானே, விட்டுடுங்க அண்ணின்னு சொல்லியிருக்கலாம். அவரு என் அண்ணன். நான் சொல்லல.

"பிரிண்ட் குடுங்க தம்பி"ன்னாங்க. குடுத்தேன்.