எல்சி கொடுக்காத திறப்பு

துறைமுகக் கன்ரீனில் சமைத்த எல்சிக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது. இந்தக் கப்பல் ஏன் உள்ளே வராமல் வெளியே நிற்கிறது, புதுக் கிளாக்கர் ஏன் மீனைத் தொடுவதில்லை என்று துருவித் துருவிக் கேட்பாள். கன்ரீன்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும், கேட்டால்தானே தெரியும்.

அவள் குடியிருந்தது முத்தலிப் முதலாளியின் வரிசை வீடுகளில் ஒன்றில். ஒவ்வோர் ஆவணியிலும் அங்குள்ள கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்கள் சட்டிபானையோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் புறப்படும். போகும்போது வீட்டைப் பூட்டி, பூட்டின் திறப்பை முத்தலிப்பிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அவரும் கோழிகளுக்குத் தீனி போட்டுப் பார்த்துக்கொள்வார்.

எழுபத்துமூன்றாம் ஆண்டில் அவர் அந்த வீடுகளை சித்தி பரீதா என்ற தன் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். மேற்பார்வை மருமகன் பாயிஸின் கைக்குப் போனது. கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்பவன், மரியாதையான பிள்ளைதான். அந்த ஆவணியில் அவன் வீடு வீடாக வந்து, திறப்பைத் தன்னிடம் தரச் சொன்னான். சாமான்களையும் எங்காவது சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் வெள்ளை அடித்து வைப்பதாகச் சொன்னான். எல்லோருக்கும் சந்தோஷம். எல்சி மட்டும் யோசித்தாள். வெள்ளை அடிப்பதற்கு அலுமாரி ஏன் தெருவைத் தாண்டிப் போக வேண்டும்?

மறுநாள் கன்ரீனுக்குச் சாப்பிட வந்த இக்னேசியஸைப் பிடித்துக்கொண்டாள். அவர் கோட்டில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியிடம் கிளாக்கராக இருந்தவர். வீடு கைமாறினாலும் குடியிருப்பவரின் உரிமை மாறாது, அதற்கு வாடகைச் சட்டம் இருக்கிறது என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:

"ஆனா சாமானையும் எடுத்து, திறப்பையும் குடுத்தா, நீங்களா வீட்டை விட்டுட்டுப் போனதெண்டு சொல்லேலும்."

அந்த ஒற்றை வீட்டைவிட்டால் எல்சிக்குப் போக்கிடமில்லை.

நேரே சித்தி பரீதாவிடம் போனாள். வெள்ளை அடித்த பிறகு எங்களைத் திரும்ப உள்ளே விடுவீர்களா என்று கேட்டேவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். பாயிஸ் தலையைச் சொறிந்தான். நெல் மூட்டை அடுக்க இடம் போதவில்லை என்று மெல்ல ஒத்துக்கொண்டான். தன் பேரிலுள்ள வீட்டைப் பற்றித் தன்னிடமே ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. வெள்ளையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவரவர் சாமான் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடித்துவிட்டாள்.

எல்சிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து நீட்டினாள்.

"உங்கட வாப்பா வச்சிருந்த மாதிரி இனி நீங்களே வச்சிருங்க, மகள்."

சித்தி பரீதா கை நீட்டவில்லை.

"எனக்கும் நாளைக்குப் புள்ளைகள் பொறக்கும், இடம் தேவைப்படும். என்னட்டயும் தராதீங்க, எல்சி மாமி. மடுவுக்குக் கொண்டு போங்க."