டிரம்முக்குள் போட்ட கல்

அந்தக் காக்கை மேல் எனக்கு இன்னும் கோபம்தான். போன வாரம் என் மகளின் பாடப்புத்தகத்தில் அது மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர். கல்லை ஒவ்வொன்றாகப் போட்டு, தண்ணீரை மேலே வரவழைத்துக் குடித்துவிட்டுப் பறந்துபோகிற அதே காக்கை. "இதுல இருந்து என்னம்மா கத்துக்கணும்?" என்றாள் மகள். முயற்சி, புத்திசாலித்தனம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நான் வேறு பதில் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைக்கு மார்க் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் எனக்கு அந்தக் கதையைச் சொன்னபோது இரண்டாம் வகுப்பு. குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறி மூச்சு வாங்கும் இடத்தில் எங்கள் வீடு. அப்பா பக்கத்தில் வெலிங்டனில் குமாஸ்தா. மழைக்குப் பஞ்சமில்லாத ஊர், ஆனால் குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். முதலில் எங்கள் டிரம் நிரம்பும். நிரம்பியதும் அம்மா ஹோஸை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் கொடுப்பாள்.

சித்தி என்றால் உறவு இல்லை. அவர்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். சித்தி கேரட் தோட்டத்துக்கும் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் தினக்கூலிக்குப் போவார். அம்மா வீட்டில் இல்லாத நேரம் எனக்குத் தலை பின்னிவிடுவதும், சூடாக ரொட்டி சுட்டுக் கொடுப்பதும் அவர்தான். அம்மாவும் அவரும் ஒரே கேழ்வரகு மூட்டையை வாங்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்.

எங்கள் டிரம் கறுப்பு நிறம். வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவரை ஒட்டி, செங்கல் மேடையில் உயரமாக நிற்கும். அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதைத் திறந்துதான் பிடிப்பதால் உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் தடுப்புச் சுவருக்கு மேலே போகும் பாதையில் நின்றால் டிரம்மின் மூடி என் முழங்கால் உயரத்தில் இருக்கும். மலையில் வீடு கட்டினால் ஒருவர் கூரை இன்னொருவருக்கு வாசல்.

"இந்தத் தண்ணிய வெச்சுட்டு எப்படித்தான் ஓட்டறதோ" என்று அம்மா தினமும் புலம்புவாள். கதை கேட்ட அன்று சாயங்காலமே நான் மேல் பாதைக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் பாதிதான் இருந்தது. யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த ஜல்லியில் பத்துக் கல்லைப் பொறுக்கி, ஓடையில் கழுவி, பாவாடையில் துடைத்துப் போட்டேன். நான் சுத்தம் தெரிந்த பிள்ளை. தண்ணீர் கொஞ்சம் மேலே வந்தது. சத்தியமாக வந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் விடுவேனா? பள்ளிக்கூடம் விட்டதும் ஐந்து பாவாடை நிறைய, லீவு நாளில் பத்து. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு வீட்டுக்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிற பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்து குழாயில் தண்ணீர் வந்த அன்று எங்கள் டிரம் சீக்கிரமே நிரம்பி வழிந்தது. "இன்னிக்குத் தண்ணி நல்ல ஃபோர்ஸுங்க" என்று அம்மா சந்தோஷமாக ஹோஸைச் சித்தியிடம் கொடுத்தாள். சித்தி தன் டிரம்மையும் நிரப்பி, வீட்டிலிருந்த குடங்களையும் நிரப்பிக்கொண்டார். எல்லாம் என் கைங்கரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலையில் எங்கள் டிரம்மில் தண்ணீர் நின்றுபோனது. அம்மா டிரம்மைத் தட்டிப் பார்த்தாள். மேல் பக்கம் காலியாக ஒலித்தது. அப்படியே திரும்பியவள் கண்ணில் சித்தி வீட்டுக் குடங்கள் பட்டன.

"ஏனுங்க, எட்டு நாள் வர்ற தண்ணி ஆறு நாள்ல எப்படித் தீரும்? உங்க ஊட்டுல மட்டும் குடமெல்லாம் தளும்பிட்டு நிக்குது!"

சித்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாசலை விட்டு இறங்கி எங்கள் பக்கம் வந்தார்.

"அக்கா, நாங்க கூலிக்குப் போறவங்கதான். களவெடுக்கிறவங்க இல்ல."

"நான் அப்படிச் சொன்னனுங்களா? டிரம்முக் குழாய் என்ன தானாத் தொறந்துக்குதா?"

அம்மா குரலை உயர்த்தினாள். மேல் வரிசை வீட்டில் ஜன்னல் திறந்தது. எனக்கோ ஒரே சங்கடம். இத்தனைக்கும் தண்ணீர் வரவழைக்கிற ஆள் நான் இருக்கிறேன், இவர்கள் எதற்குச் சண்டை போட வேண்டும்? ஓட்டமாக மேலே ஓடினேன். பாவாடை நிறைய ஜல்லியை அள்ளி வந்து, மூடியைத் தள்ளிவிட்டு மொத்தமாகக் கொட்டினேன்.

டிரம்முக்குள் கல்மேல் கல் விழுந்து கடகடவென்று ஊருக்கே கேட்டது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் போட்டா வந்துரும்மா!" என்றேன்.

அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்தாள். அடியிலிருந்து குழாய்க்கு மேல் வரைக்கும் கல். என் முதுகில் விழுந்த அடி எனக்கு இன்றைக்கும் நியாயமாகப் படவில்லை. காக்கை குடித்துவிட்டுப் பறந்ததோடு டீச்சர் கதையை முடித்துவிட்டார். பானையில் கல் அப்படியே கிடக்கும், அடுத்து நிரப்ப வருகிறவளுக்குத் தண்ணீர் குறையும் என்று அவர் சொல்லவே இல்லையே.

அம்மா கீழே போய்ச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மேலே நின்ற எனக்குக் கேட்கவில்லை. "விடுங்கக்கா, சின்னப் புள்ள செஞ்சது" என்று சித்தி சிரித்தார். இரண்டு குடம் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து சித்தி ஒரு புது வழக்கம் தொடங்கினார். தண்ணீர் பிடிக்க வெளியே வரும்போதெல்லாம் எங்கள் வாசலைப் பார்த்துக் கூப்பிடுவார்: "அக்கா, வந்து பாத்துக்குங்க. எங்க டிரம்முலதான் புடிக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நல்ல விளையாட்டு என்று நானும் சேர்ந்துகொண்டேன். எங்கள் குழாயில் சொம்பு வைக்கும்போதெல்லாம், "சித்தி, வந்து பாத்துக்குங்க, எங்க டிரம்முலதான் புடிக்கிறேன்!" என்று கத்துவேன். சித்தி என்னைப் பார்த்துப் பலமாகச் சிரிப்பார். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து போகும்வரை இரண்டு பேரும் இதை விடவில்லை. இவ்வளவு நல்ல விளையாட்டுக்கு அம்மா மட்டும் ஏன் ஒருநாளும் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.