ஜன்னல் அண்ணன்

உள்ளே நுழைந்ததும் அவர் கணினியைப் பார்ப்பதில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை ஒரு சாண் இழுக்கிறார். திரும்பி எதிர்ச்சுவரைப் பார்க்கிறார். மறுபடி அரைச் சாண் விடுகிறார். அதற்குள் அறைக்குரியவருக்குப் பொறுமை போய்விடும். "கம்ப்யூட்டர் இங்க இருக்குங்க" என்று கை காட்டுவார். "அது எங்க போகப்போகுது? வெளிச்சம்தான் போயிடும்" என்பார் இவர்.

எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, ஏழு அலுவலகம். அத்தனை கணினிகளுக்கும் வைத்தியர் இவர்தான். இவருடைய பெயரைக் கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். ஜன்னல் அண்ணன் என்றால் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் தெரியும். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். நாளெல்லாம் மேசைக்கடியில் குனிந்து குனிந்து முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. தோளில் ஒரு கான்வாஸ் பை. அதில் திருப்புளி ஒன்றே ஒன்று. மிச்ச இடத்தை ஒரு மடக்கு விளக்கும், ஒரு வெள்ளைத் துண்டும், லென்ஸ் துடைக்கும் துணியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

முகத்தைக் காட்டினாலே திறந்துகொள்ளும் கணினிகள் எங்களுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த நாள் முதல் அண்ணனுக்குப் பாதி வேலை அவற்றோடுதான். காலையில் வா வா என்று திறக்கும் இயந்திரம் மாலையில் நீ யார் என்று கேட்கும். மூக்குக்கண்ணாடி மாற்றினால் கேட்கும், தாடியை எடுத்தால் கேட்கும். இதற்கென்றே உள்ளே 'அடையாளத்தை மேம்படுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கணினி நம்மை இன்னொரு தடவை பார்த்து, பழைய பதிவோடு புதியதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அழுத்துவதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம். ஆனால் நாங்கள் அழுத்தினால் கேட்காத இயந்திரம் இவர் பக்கத்தில் நின்றால் கேட்கிறது.

காரணம், நாங்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறோம். பொத்தானை அழுத்துவதற்கு முன் முடியைக் கோதிக்கொள்கிறோம், முதுகை நிமிர்த்துகிறோம், மூச்சைப் பிடிக்கிறோம். எங்கள் தலைமை எழுத்தர் சட்டைக் காலரையே சரிசெய்துகொண்டார். அண்ணன் நெற்றியில் கை வைத்தார். "சார், இது போட்டோ ஸ்டூடியோ இல்லை. நாலு மணிக்கு எப்படி உக்காந்திருப்பீங்களோ அப்படி உக்காருங்க." நாலு மணிக்குத் தாம் எப்படி இருப்போம் என்று அந்த மனிதருக்கே தெரியவில்லை. அண்ணன் அவர் தோளை லேசாக அழுத்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "இப்ப அந்த பாக்கி ஃபைலை நினைச்சுக்கங்க" என்றார். அச்சு அசலாக நாலு மணி முகம். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றிலிருந்து அந்தக் கணினி அவரிடம் முரண்டு பிடித்ததே இல்லை.

அடுத்தவர் நாற்காலியில் அவர் உட்கார மாட்டார். "உயரம் அவங்களோடது. நான் உக்காந்து மாத்திட்டேன்னா கேமரா குழம்பிடும்" என்று முழங்காலிட்டே வேலை செய்வார். யாராவது ரகசிய எண்ணைத் தட்டும்போது முகத்தை மட்டும் திருப்பினால் போதாதா? வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போல முழு உடம்போடு சுவரைப் பார்த்து நிற்பார்.

குறையே இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. சொன்ன நேரத்துக்கு வந்ததாக வரலாறு இல்லை. ஒரு தடவை கேமராவின் வயர் கழன்று கிடந்தது தெரியாமல், அரை நாள் முழுக்கத் திரைச்சீலையையே திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கீழ்த்தளத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். "ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் இவருக்கு அத்துப்படி. நான் முடியைக் கழுத்தோட வெட்டிக்கிட்டு வந்தேன். ரெண்டு நாள் கழிச்சு, என்னமோ மாறியிருக்கேங்கறார்" என்று அந்த அம்மாள் எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்வார். அண்ணன் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

கேமராவின்மேல் யாராவது எதையாவது ஒட்டி மறைத்திருந்தால் அவர் ஒரு கேள்வி கேட்பார். "பயத்துக்கு ஒட்டினதா, கோவத்துக்கு ஒட்டினதா?" யாரோ எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் என்றால், நல்ல பழக்கம் என்று விட்டுவிடுவார். கோபம் என்றால்தான் தோளிலிருந்து பை இறங்கும். ஒட்டியிருந்ததை உரித்துத் தன் இடது புறங்கையில் ஒட்டிக்கொள்வார். "வேலை ஆகலைன்னா திரும்ப ஒட்டிட்டுப் போயிடறேன்." இது அவர் எல்லோருக்கும் கொடுக்கும் உத்தரவாதம்.

அந்தக் கேள்வியை அவர் என் அக்காவிடமும் கேட்க நேர்ந்தது.

அக்கா ஒரு கம்பெனிக்குக் கட்டட வரைபடம் வரைபவள். வீட்டின் பின்னறைதான் அவளுக்கு அலுவலகம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடப்பக்கமாக வழிந்தது. முக நரம்பு வீங்கிவிட்டது என்றார் டாக்டர். இடது கன்னமும் வாயோரமும் தொங்கிவிட்டன. முக்கால்வாசி பழையபடி திரும்பும், மிச்சம் அப்படியே நின்றுவிடலாம் என்றும் சொன்னார். மருத்துவ விடுப்பு முடிய மூன்று நாள் இருக்கும்போது அவள் கணினியைத் திறந்தாள். அது அவளை அடையாளம் தெரியவில்லை என்றது. மூன்று தடவை சொன்னது. எண்ணைத் தட்டி உள்ளே போகலாம்தான். போனாள். போய் ராஜினாமாக் கடிதத்தை அடித்துவைத்துவிட்டு வந்து, கேமராவின்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினாள்.

"ரெண்டு வருஷமா தினமும் பாக்கிற பெட்டிக்கே என்னைத் தெரியலை. வீடியோ மீட்டிங்ல எல்லாரையும் எதுக்குப் பயமுறுத்தணும்? திங்கக்கிழமை லெட்டரை அனுப்பிடறேன்" என்றாள். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பன்னிரண்டுக்கு வந்தார். வழக்கம்போல ஜன்னல். பிறகு பிளாஸ்திரி. பிறகு கேள்வி. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு "கோவம்தான்" என்றாள். பிளாஸ்திரி அவர் புறங்கைக்குப் போனது.

"பழைய மூஞ்சியை அழிச்சிடுங்க. அது இனிமே வராது" என்றாள்.

"அழிக்கணும்னு இல்லைம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துலயே இதையும் சேர்த்துக்கும். நாலு மாசம் கழிச்சுக் கொஞ்சம் சரியானா அதையும் சேர்த்துக்கலாம். உள்ள இடம் இருக்கு."

அக்கா எண்ணைத் தட்டினாள். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். பொத்தானை அழுத்தினாள், கணினி பார்த்தது. பூட்டிவிட்டுத் திறக்கப் பார்த்தால், தெரியவில்லை என்றது. விளக்கை இடம் மாற்றினார், கண்ணாடி அலமாரியின் மேல் துண்டைத் தொங்கவிட்டார். இரண்டாம் தடவையும் தெரியவில்லை. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏன் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. முடியை இடது கன்னத்தின்மேல் இழுத்துவிட்டு, வலப்பக்கத்தை மட்டும் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் கண்ணிலும் அது பட்டிருக்கும். அவர் கண்ணுக்குத் தப்புவது அவர் வீட்டு அம்மாள் மட்டும்தான்.

"எல்லாம் இந்தத் திரையால வர்ற கோளாறு" என்றார் அண்ணன் என்னிடம். "இதை ஆள் பிடிச்சாத்தான் நிக்கும். நீங்க இந்த ஓரத்தைப் பிடிங்கம்மா, நான் அந்த ஓரத்தைப் பிடிக்கிறேன்."

பிடித்தேன். அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தெருவைப் பார்த்தபடி நின்றோம். திரை யாரும் பிடிக்காமலே நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. அது புரிந்த கணத்தில், எத்தனையோ நாள் நாங்கள் கேலி செய்த அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

"நாங்க இப்படியே பாத்துக்கிட்டு இருக்கோம். அவசரமே இல்லை. நாலு மணிக்கு உக்கார்ற மாதிரி உக்காருங்க" என்றார், தெருவைப் பார்த்தபடி. பிறகு என்னிடம் கதையளக்க ஆரம்பித்தார். "அந்த சைக்கிள்காரர் மூணாவது தடவையா போறாரு, பாருங்க. வீடு தெரியலை போல. யாரையாவது கேட்டா என்னவாம்?" நான் ஏதோ உம் கொட்டினேன். காதெல்லாம் பின்னால்தான் இருந்தது.

முடிக்குக் கிளிப் மாட்டும் சத்தம் கேட்டது. நாற்காலி நேராகத் திரும்பியது. ஒரு சொடுக்கு. சைக்கிள்காரர் நாலாவது தடவையும் போனார்.

"திறந்துடுச்சு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மறுபடி பூட்டினாள். மறுபடி திறந்தது. மூன்றாவது தடவையும் பூட்டித் திறந்தாள், அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போலும். பிறகு விசைப்பலகை ஓடும் சத்தம் கேட்டது. "திங்கக்கிழமை மீட்டிங் எத்தனை மணிக்குன்னு பாக்கிறேன்" என்றாள் பொதுவாக.

நான் அக்கா பக்கம் திரும்பப் பார்த்தேன். அண்ணன் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். அவரும் திரும்பவில்லை. திரையின் ஓரத்தை விட்டுவிட்டு, புறங்கையிலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் மெல்ல உரித்தார். இரண்டு விரல்களுக்கு நடுவில் அதைச் சின்ன உருண்டையாக உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.