ஒரு சாண் கீழே

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவரை மெஷின் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. கருவிகளைப் பழுது பார்க்கிறவர். இருபத்திரண்டு வருட வேலை. மானிட்டர் ஓடவில்லை என்று தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அலறியடித்துக்கொண்டு போன் வரும். போய்ப் பார்த்தால் பாதி நேரம் பிளக் சரியாகச் சொருகியிருக்காது. அதைச் சொருகிவிட்டு, பெரிய ஆபரேஷன் முடித்தவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வருவார். கெத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அதே பிரிவில், ஆறாம் கட்டிலில், நான்கு நாளாக அவருடைய தங்கையின் கணவர் நினைவில்லாமல் கிடக்கிறார். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது. மணிக்கட்டின் ரத்தக்குழாயில் மெல்லிய ஊசிக்குழாய்; அதிலிருந்து உப்புத்தண்ணீர் நிரம்பிய டியூப், கட்டிலோரக் கம்பத்தில் இருக்கும் சின்ன சென்சாருக்குப் போகிறது. ஒவ்வொரு துடிப்பும் திரையில் சிவப்பு அலையாக எழும். பக்கத்தில் ரத்த அழுத்தம் எண்ணாக வரும். அறுபத்தைந்துக்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தங்கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். கணவர் முகத்தைக்கூட அவள் அவ்வளவு பார்ப்பதில்லை.

அன்று பார்வை நேரத்தில் அவர் உள்ளே போனபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"எழுபதுண்ணா. காலையிலேர்ந்து இறங்கவே இல்ல."

அவருக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அலையைப் பார்த்தார். எழுபதுக்கு உண்டான அலையா இது? ஒல்லியாக எழுந்து, வென்டிலேட்டர் காற்றடிக்கும்போதெல்லாம் தள்ளாடியது. மாப்பிள்ளையின் பாதத்தைத் தொட்டார், சில்லிட்டிருந்தது. கண் தன்னால் கம்பத்துக்குப் போயிற்று. காலையில் எக்ஸ்ரே எடுக்கக் கட்டிலை உயர்த்தியிருக்கிறார்கள். சென்சாரை உயர்த்தவில்லை. நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டியது ஒரு சாண் கீழே இருந்தது. கீழே இருந்தால் இல்லாத அழுத்தத்தையும் கூட்டிக் காட்டும். அதை நம்பி, காலையிலிருந்து அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கூட்டாமலே விட்டிருக்கிறார்கள்.

பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"சிஸ்டர், சென்சார் கீழ இருக்கு. கொஞ்சம் பாருங்க."

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடி வந்து அதை மேலே ஏற்றினாள். எழுபது, ஐம்பத்து நாலானது. டாக்டர் வந்தார். மருந்தைக் கூட்டினார்கள். ஐம்பத்தாறு. இன்னும் கூட்டினார்கள். ஐம்பத்தைந்து. இதற்கு மேல் ஏற்ற இடமில்லை என்று டாக்டர் அவரிடம் மட்டும் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

"அவங்ககிட்ட என்னண்ணா சொன்ன? நல்லாத்தானே இருந்தாரு."

"நல்லா இல்லம்மா. அது தப்பா காட்டுச்சு. இப்பதான் சரியா காட்டுது."

சொல்லும்போதே அந்தப் பேச்சு எதற்கும் உதவாது என்று அவருக்குத் தெரிந்தது. கழற்றிப் பார்க்க ஒன்றுமில்லை, மாற்றிப் போடவும் ஒன்றுமில்லை. கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

தங்கை கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமேண்ணா. பழையபடி கீழயே இறக்கி வச்சிடேன்."