பதினேழு முறை செத்தவரின் ஒரே ஒரு சிரிப்பு: சேலம், மேட்டூர், மோகனூர் 242 கிலோமீட்டர்

கடல் கடந்து நாடு பிடித்தவர்கள்கூட இரண்டாவது டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்கள். நானோ போன மாதம் ஒரு புதன்கிழமை, விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கு, ஒரே டம்ளரோடு சேலத்தை விட்டுப் புறப்பட்டேன். இந்தத் தியாகத்துக்குக் காரணம் ஒரு புகைப்படம். அதற்குள் இருந்தவர் மோகனூர் கந்தப்பன்.

பெயர் தெரியாவிட்டாலும் முகம் உங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சித் தொடர்களில் கதாநாயகி அழுவதற்கு முன் ஒரு சுவரைப் பார்ப்பாள் அல்லவா? அந்தச் சுவரில் சந்தன மாலையோடு, சின்ன பல்பு மினுக்க, செத்துப்போன அப்பாவாகத் தொங்குவாரே, அவர்தான். இளமையில் நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டியவர். அந்தக் குழுவில் திரை இழுத்தவன் அடியேன். வசனம் பேச அவர் சேலத்தில் தொண்டையைத் திறந்தால் ஓமலூரில் தூங்கும் மாடு எழுந்துகொள்ளும். பிறகு சினிமாவுக்குப் போனார். மூன்று படங்கள், மொத்தம் பதினோரு விநாடிகள். கடைசியில் தொலைக்காட்சி அவரைக் கண்டுகொண்டது. பத்து நிமிடம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால் போதும், நான்கு வருடம் சுவரில் தொங்கலாம். இப்படிப் பதினேழு தொடர்களில் செத்தார். செத்த அன்று மாலையே பஸ் ஏறி மோகனூர் வந்து, தன் ஒரு ஏக்கர் கரும்புக்குத் தண்ணீர் கட்டினார்.

போன வருடம் நிஜமாகவே இறந்துபோனார். அங்கேதான் கோளாறு. அவசரத்தில் ஃபிளெக்ஸ் அடித்த உறவினர்கள், கையில் கிடைத்த படத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஏதோ ஒரு தொடரில் போலீஸ் அதிகாரியாகச் செத்த படம். ஒட்டு மீசை, தொப்பி, நெஞ்சு நிறைய மெடல். நாமக்கல் சாலையில் அதைப் பார்த்தவர்கள் எல்லாம் புதுத் தொடர் வருகிறது என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். இரண்டு பேர் வீட்டுக்கே போன் செய்து எந்தச் சேனல் என்று கேட்டிருக்கிறார்கள். சாவுக்கு வந்தவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

அவர்களைச் சொல்வானேன். அதே படம் அவர் நம்பரிலிருந்தே என் வாட்ஸப்பிலும் வந்தது. நாற்பது வருட நண்பன், திரை இழுத்த மகான், நான் அனுப்பிய பதில்: "வாழ்த்துகள் அண்ணே! எத்தனை மணிக்கு?"

உண்மை தெரிந்தபோது எரித்து முடித்திருந்தார்கள்.

வருடத் திதிக்கு இரண்டு நாள் முன்பு அவர் மனைவி செல்லம்மாள் அக்கா போன் செய்தார். என் பதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதுதான் அதிகம் வலித்தது. வீட்டில் பதினேழு சட்டம் போட்ட படங்கள் இருக்கின்றனவாம். வக்கீல், ஜமீன்தார், டாக்டர், போலீஸ். "எல்லாம் வேற யாரோ செத்தவங்க சாமி. எங்க ஊட்டுக்காரரு அதுல ஒருத்தருமில்ல. அவரா இருக்கற மாதிரி ஒரு படம் இருந்தா கொண்டாங்க" என்றார். கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆதார் அட்டையிலோ அவர் எந்த நாட்டவர் என்றே சொல்ல முடியாது. சும்மா படம் எடுத்தால் மார்க்கெட் போய்விடும் என்று, யாராவது செல்போனைத் தூக்கினாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்ளும் மனிதர் அவர்.

ஆனால் ஒரே ஒரு முறை சிக்கினார். ஏழு வருடம் முன்பு, மேட்டூரில், மீன் கடையில். கூட நான் இருந்தேன். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டதாகப் பிற்பாடு கேள்வி.

வண்டி எங்கள் தெரு ஜாபருடையது. கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், டிரைவர் பேட்டா முந்நூறு. ஜாபர் என்னை மாமா என்று அழைப்பான், மரியாதை அத்தோடு சரி. விஷயத்தைச் சொன்னதும், "ஏழு வருஷம் முன்னாடி மாட்டுன படத்தை நம்பி அம்பது கிலோமீட்டரா மாமா? கடையே இருக்குதோ என்னமோ" என்றான். ஓமலூர் தாண்டும்வரை அதையே வேறு வேறு ராகத்தில் பாடினான். கடைக்காரம்மாவின் போன் நம்பர் என்னிடம் இல்லை. பெயர் கோவிந்தம்மாள், அணைப் பூங்காவுக்குப் பக்கம், மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கல். அவ்வளவுதான் முகவரி.

ஆறு ஐம்பதுக்கு மேட்டூர். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. பத்து மணிக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள் என்பதைப் பின்னால் வருவோர் குறித்துக்கொள்ளவும். முக்கால் மணி நேரம் அலைந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் விசாரித்தால், அவரே கோவிந்தம்மாள். இடம் மாறி நாலு கடை தள்ளி வந்திருக்கிறார். உள்ளே பார்த்தேன். கல்லாவுக்கு மேல் கந்தப்பன் அண்ணன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். அண்ணன் கட்லா வறுவலை வாயருகே கொண்டுபோன நேரம், இந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்து அலறாத குறையாக, "ஐயோ, நீங்க போன வாரந்தானுங்க செத்தீங்க" என்றார். அண்ணன் சிரித்தார் பாருங்கள், அணைத் தண்ணீர் ஓர் அடி ஏறியிருக்கும். அந்த நொடியில் அந்த அம்மாவின் மகள் போனில் அமுக்கிவிட்டாள். துண்டைத் தேட அண்ணனுக்கு நேரமில்லை. கை நிறைய மீன், வாய் நிறைய சிரிப்பு. கீழே கடைக்கு விளம்பரமாக அச்சடித்திருந்தார்கள்: 'நம் கடைக்கு உயிரோடு வந்து சாப்பிட்டவர்.'

அவர் இறந்துவிட்டார் என்றேன்.

கோவிந்தம்மாள் கத்தியை நிறுத்தவில்லை. "எந்த நாடகத்துலீங்க?"

"இந்தத் தடவ நெசந்தாங்கம்மா" என்றான் ஜாபர். அதுவரை கேலி பேசிய வாய் அது.

அந்த அம்மா கையைக் கழுவினார். ஸ்டூலில் ஏறி, படத்தை இறக்கி, சேலைத் தலைப்பால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். போனில் நகல் எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு, கண்ணாடி மினுக்குது, அந்த அக்காவுக்கு முழுசாகவே காட்டுங்கள் என்று படத்தையே கையில் கொடுத்தார்.

"காரியம் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்துருங்க. ஒண்ணு மட்டும். இதுக்கு மால போட்டுராதீங்க. எங்கடைக்கு அவரு உசுரோட வந்தவருங்க."

சத்தியம் செய்தேன். ஏழு ஐம்பதுக்குக் கிளம்பினோம். பதினொன்றரைக்குப் படையல், 122 கிலோமீட்டர். மடியில் படம், வண்டி முழுக்க மீன் வாசம், வயிற்றில் ஒன்றுமில்லை. சேலம் போக்குவரத்தில் இருபத்தைந்து நிமிடம் போனது. நால்வழிச் சாலையில் ஜாபர் பிடித்த பிடியில் ராக்கெட் விடுகிறவர்கள் வந்து பாடம் கற்கலாம். நாமக்கல் தாண்டி மோகனூர் சாலையில் கரும்பு டிராக்டர் ஒன்று, சக்கரவர்த்தி ஊர்வலம் போல, ஐந்து கிலோமீட்டருக்கு வழிவிடாமல் முன்னால் போயிற்று. பதினொன்று இருபதுக்கு வாசலில் இறங்கினேன்.

வாழையிலை போட்டிருந்தது. படம் வைக்கும் மணைப்பலகை மட்டும் காலி. செல்லம்மாள் அக்காவின் தம்பி ரோஜா மாலையோடு அதன் பக்கத்தில் நின்றார். நான் படத்தை வைத்ததும் கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. விரதச் சோறு படைக்கிற நாளில் கையில் மீனா என்றார் ஒரு பெரியவர். கீழே எழுதியிருப்பதை ஒருவர் சத்தமாகவே படித்துத் தொலைத்தார். வாழ்த்துகள் சொன்னவன் இன்று மீனையும் கொண்டுவந்தான் என்று காலமெல்லாம் பேசுவார்களே.

அக்கா கிட்டே வந்து உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார்.

"பல்லு தெரியுது பாருங்க" என்றார். "அந்தக் கடவாய்ப் பல்லு இல்லாதது எனக்குத்தான் தெரியும்னு இருந்தேன்." பிறகு சிரித்தார். அண்ணன் சிரிப்புக்குப் பதில் சொல்வது போலவே இருந்தது. "மீனு இருக்கட்டும். புடுங்குனா குடுக்கமாட்டாரு."

தம்பி மாலையை எடுத்தார். நான் நடுவில் புகுந்து மேட்டூரில் செய்த சத்தியத்தைச் சொன்னேன். வாங்கிவந்த மாலையை என்ன செய்வதென்று அவர் விழித்தார். அக்கா அதை வாங்கி, கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் போய் டிவியின் மேல் போட்டார்.

"செத்ததெல்லாம் இதுக்குள்ளதான" என்றார்.

திதி வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஜாபர் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், சிரித்தா அழுதா என்று சொல்ல மறுக்கிறான். வாழைக்காய் வறுவலும் வடையும் பாயசமுமாய் நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து, சமையல்காரர் இரண்டாம் முறை அரிசி களைந்தார். கிளம்பும்போது அக்கா என்னிடம், "எத்தன மணிக்குன்னு கேட்டீங்களே தம்பி. இப்பத்தான் பதில் சொல்லலாம்னு தோணுது. பதினொண்ணரைக்கு, நம்மூட்டுல" என்றார். ஒரு வருடமாக என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள் அத்தோடு போயிற்று.

இதே வழியில் போகிறவர்களுக்கு: ஒரே நாளில் இரண்டு ஊரும் முடியும், ஆனால் மேட்டூரைப் பின்னால் வையுங்கள், இல்லாவிட்டால் மீன் கிடைக்காது. பஸ்ஸில் போவோர் சேலத்தில் ஒன்று, நாமக்கல்லில் ஒன்று என்று மாற வேண்டும். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் மோகனூர் சாலைக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஜாபருக்கு ஆன மொத்தம் 3,688 ரூபாய். பேட்டாவை மட்டும் அவன் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறே படத்தைத் திருப்பிக் கொண்டுபோய் அதே ஆணியில் நானே மாட்டினேன். நான்கு துண்டு கட்லா, காரம் இன்னும் தூக்கல்தான். கந்தப்பன் அண்ணனைப் பார்க்க விரும்புவோர் எத்தனை மணிக்கு என்று தயங்காமல் கேட்கலாம். தினமும் காலை பத்து முதல் மாலை ஆறு வரை, மாலை இல்லாமல், சிரித்துக்கொண்டிருப்பார்.