வெள்ளைச் சுவரோடு நின்றவர்

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த டூங்கபிப் புறநகரின் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடிக்கிறேன் பேர்வழி என்று ஞாயிறுதோறும் கமராவோடு அலைந்த காலம். கடைத்தொகுதி வாசலில், சாமான் வாங்கியவர்கள் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைச் சேர்ப்பவர் ஒருவர் இருந்தார். இருபது வண்டிகளை ஒன்றாகக் கோத்து, பாடியபடி, ரயில்போல் வளைத்து வருவார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணை, உங்களை ஒரு படம் எடுக்கட்டே?"

"ஓம், எடுங்கோ."

வண்டிகளை விட்டுவிட்டு எதிரிலிருந்த வெள்ளைச் சுவரோடு போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு காதும் தெரிய முடியை ஒதுக்கினார். சிரிப்பு காணாமல் போயிற்று.

"வழமைபோல சிரியுங்கோ அண்ணை."

"சிரிச்சால் படம் சரியில்லையெண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், தம்பி."

"இது விசாவுக்கில்லை. கண்காட்சிக்கு."

"எதுக்கும் முறையா இருக்கட்டும்."

நூலகத்தில் நடந்த கண்காட்சியில் என் படங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பரிசு, யாரோ எடுத்த புறாவுக்குப் போனது. வேலைச் சட்டையோடு வந்த அவர் மட்டும் தன் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"அருமையா எடுத்திருக்கிறியள். சின்னனாக்கி ரெண்டு கொப்பி தாங்கோ. விசா முடியப் போகுது, திரும்ப விண்ணப்பிக்கோணும்."

கொடுத்தேன். நான் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒருவருக்காவது தேவைப்பட்டது அது ஒன்றுதான்.